ஆளுக்கொரு அம்மா

இன்னொண்ணுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். உருவத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. நெட்டையிலும் உண்டு, குட்டையிலும் உண்டு. கண்ணாடி போட்டவர், போடாதவர், தலை நிறைய முடி உள்ளவர், முடி இருந்த இடத்தைத் தடவிக்கொள்கிறவர், ஆண், பெண் என்று எல்லா வகையிலும் கிடைப்பார்கள். வாயைத் திறந்தால்தான் பிடிபடும். ஒரு பொருள் அவசரமாக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் என்ன கேட்போம்? "அதை எங்க வெச்சோம்?" என்று கேட்போம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவோம், வீட்டில் இருப்பவர்கள்மேல் பழிபோடுவோம், கடைசியில் அது நம் சட்டைப் பையிலேயே இருக்கும். இன்னொண்ணுக்காரருக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. "இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்பார். விஷயம் முடிந்தது.

இவரை ஊதாரி என்று நினைத்துவிடாதீர்கள். ஊதாரிக்குச் செலவழிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. இவருக்கு அது இல்லை. கண்டதையும் சேர்த்து வைக்கிற ஆசாமி என்றும் சொல்ல முடியாது. சேர்த்து வைக்கிறவருக்குத் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அத்துப்படியாகத் தெரியும். இவருக்குத் தெரியாததே அதுதான். தேடினால் ஐந்து நிமிஷம் ஆகும், புதிதாக ஒன்றை உண்டாக்க ஐந்து நொடி போதும் என்பது இவருடைய வாதம். நானும் பல தடவை மறுத்துப் பேசப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்தில் ஓட்டையே கிடையாது, அதுதான் கொடுமை.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த இன்னொண்ணுக்காரர் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். நாற்பது வயது. தங்கமான மனிதர். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காதவர், யாரையும் தொந்தரவு செய்யாதவர். அந்தக் குணத்தில்தான் வியாதியே தொடங்குகிறது என்று எனக்குச் சந்தேகம். "இது உங்ககிட்ட இருக்கா?" என்று ஒருத்தரைக் கேட்பதே அவருக்குத் தொந்தரவாகப் படும். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வந்திருந்த பார்சலைப் பிரிக்க உட்கார்ந்தவர், கத்தரிக்கோல் வேண்டும் என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"வீட்டுல ஏழு கத்தரிக்கோல் இருக்கு" என்றார் அவர் மனைவி, சமையலறையிலிருந்து. "ஒண்ணையும் காணோம்."

"பரவால்ல விடு. எட்டாவது இதுக்குள்ளதான் இருக்கு" என்று பார்சலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

இருந்தது. கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், வெட்டிப் பிரிக்கவும் என்று புள்ளிக் கோடு போட்டு, பளபளவென்று இருந்தது. அதை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும். மனிதர் கொஞ்சமும் கலங்கவில்லை. உறையோடு அதை அலமாரியில் வைத்துவிட்டு, என்னிடம் ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார்.

கைப்பேசியில் அவருடைய திருவிளையாடல் இன்னும் பெரிது. அலுவலகத்தில் ஒன்பது பேர் வேலை செய்கிறோம். அந்த ஒன்பது பேருக்காக அவர் இதுவரை முப்பத்தொரு வாட்ஸாப் குழுக்களை ஆரம்பித்திருக்கிறார். மீட்டிங் பற்றிப் பேச ஒரு குழு, மீட்டிங் தள்ளிப்போனது பற்றிப் பேச ஒரு குழு, தண்ணீர் கேன் வரவில்லை என்பதற்கு ஒரு குழு, வந்துவிட்டது என்பதற்கு இன்னொரு குழு. ஒன்பதே பேர், அதே ஒன்பது பேர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதை எந்தக் குழுவில் சொல்வது என்று யோசிப்பதற்குள் குணமாகிவிடுகிறது.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். ஏழு கத்தரிக்கோலால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இப்படிப்பட்ட ஒருவரின் கையில் மனிதர்களை உண்டாக்குகிற வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் நிறுவனம் யோசிக்காமல் கொடுத்திருந்தது.

குளியலறை ஓடு விற்கும் கடைக்கு மேலே, மாடியில், இரண்டே அறைகளில் இருக்கிறது எங்கள் அலுவலகம். பள்ளிக்கூடங்களுக்காக ஒரு மென்பொருள் செய்கிறோம். எந்தக் குழந்தை எந்த நிறுத்தத்தில் எந்தப் பேருந்தில் ஏறவேண்டும் என்று அது சொல்லும். நான் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பெற்றோருக்குக் குறிப்பு எழுதுகிறவன். அடுத்த மேஜைக்காரர் அதை உருவாக்குகிறவர். உருவாக்கியது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நிஜக் குழந்தைகளை வைத்து விளையாட முடியாது அல்லவா? அதனால் கம்ப்யூட்டருக்குள் கற்பனைக் குழந்தைகளை உண்டாக்கி, அவர்களைப் பேருந்தில் ஏற்றிப் பார்ப்பார்கள். இதற்கு டெஸ்ட் டேட்டா என்று பெயர். குழந்தையை உண்டாக்கும் பொறுப்பும் அவருடையதுதான்.

குழந்தை என்றால் சும்மா வந்துவிடுமா? அம்மா இல்லாத குழந்தையை எங்கள் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. அம்மாவுக்கு வீடு வேண்டும். வீட்டுக்குத் தெரு வேண்டும். தெருவுக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு பேருந்து, பேருந்துக்கு ஒரு பள்ளி, பள்ளிக்கு ஓர் ஊர். இத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும்படி நம்மவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தார். ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு குழந்தை பிறக்கும். பிறக்கும்போதே அம்மா, வீடு, தெரு, நிறுத்தம், பேருந்து, பள்ளி, ஊர் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவரும். மறுபடி தட்டினால்? மறுபடி ஒரு குழந்தை, அதற்குப் புத்தம் புதிதாக இன்னோர் அம்மா, இன்னொரு வீடு, இன்னொரு தெரு, இன்னோர் ஊர். முன்பே ஓர் ஊர் இருக்கிறதே, அதிலேயே ஒரு வீடு பார்த்துக் கொடுப்போமே என்ற எண்ணம் அந்த ஸ்கிரிப்டுக்கு வரவில்லை. எழுதியவருக்கு வந்திருந்தால்தானே அதற்கு வரும்? முந்நூறு தடவை தட்டினார். முந்நூறு குழந்தைகள், முந்நூறு அம்மாக்கள், முந்நூறு ஊர்கள்.

அந்த ஊர்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எப்பேர்ப்பட்ட ஊர்கள்! ஒரு தெரு, ஒரு வீடு, எதிர்வீடு கிடையாது. காலையில் நாற்பது சீட்டுப் பேருந்து ஒன்று வந்து நிற்கும், ஒரே ஒரு குழந்தை ஏறும், பேருந்து புறப்பட்டுவிடும். பள்ளியில் வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒரு பெயரைப் படித்துவிட்டு மூடிவிடுவார். வகுப்பில் முதல் மதிப்பெண்ணும் அந்தக் குழந்தைதான், கடைசி மதிப்பெண்ணும் அதுவேதான். ஓடிப்பிடித்து விளையாடினால் பிடிக்க ஆள் இல்லை. அண்ணா என்று கூப்பிட ஒருத்தர் கிடையாது, சித்தி கிடையாது, மாமா கிடையாது, கோள்மூட்டத் தம்பி கிடையாது. தெரியாதவரைக்கூட அண்ணா, அக்கா என்று கூப்பிட்டே பழகிய நம் ஜனங்களில் ஒருத்தரை அங்கே கொண்டுபோய் விட்டால் அரை நாளில் பைத்தியம் பிடித்துவிடும்.

இனி டெஸ்டர் அக்காவைச் சொல்லவேண்டும். மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. மனேஜர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவருக்கு இவரைவிடப் பத்து வயது அதிகம். அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. எங்கள் மென்பொருளை முதன்முதலாக வாங்கிய பள்ளியில்தான் மகள் படிக்கிறாள். இது நடந்தபோது, அடுத்த திங்கட்கிழமை மகனும் அங்கே சேரவிருந்தான், அதே திங்கட்கிழமைதான் எங்கள் மென்பொருளும் ஓடத் தொடங்கவிருந்தது. அதுவரை அந்தப் பள்ளியின் கிளார்க் அம்மா ஒரு தடிமனான பதிவேட்டை வைத்துக்கொண்டு, எந்தக் குழந்தைக்கு எது அக்கா, எது அண்ணன் என்று மனப்பாடமாகப் பேருந்து ஒதுக்கிவந்தார். இனிமேல் மெஷின்தான் ஒதுக்கும்.

பையன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். அக்கா ஏறும் பேருந்தில்தான் ஏறுவான், அக்கா பக்கத்தில்தான் உட்காருவான், இல்லையென்றால் பள்ளிக்கூடமே வேண்டாம். சும்மா மிரட்டுகிற பிள்ளை அல்ல. ஒருநாள் கடைவீதியில் தன் அக்கா இரண்டு நிமிஷம் கண்ணில் படவில்லை என்று மூச்சுத் திணறும்வரை அழுதிருக்கிறான். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். கொண்டுபோய் விட வேறு ஆள் இல்லை. "திங்கட்கிழமை அவன் தனியா ஒரு பஸ்ல உக்காந்து அழறத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல" என்று டெஸ்டர் அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் உடன்பிறந்தவர்களை ஒரே பேருந்தில் ஏற்றவேண்டும் என்ற விதியை மனேஜரிடம் மூன்று வாரம் சண்டை போட்டு மென்பொருளில் சேர்க்க வைத்தார்.

விதியை எழுதியவர் இன்னொண்ணுக்காரர். விதி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதியவரும் அவரே. கற்பனைக் குழந்தை ஒன்றுக்கு அக்கா என்று பெயர், மற்றொன்றுக்குத் தம்பி என்று பெயர். இரண்டு பேருக்கும் ஒரே எண் உள்ள பேருந்து கிடைத்தால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. தினமும் காலை பத்து மணிக்கு ஓட்டுவார். பச்சை வரும். "பச்சை!" என்று கையை உயர்த்திக் கூவுவார். நாங்களும் கையைத் தட்டுவோம். டெஸ்டர் அக்கா முகத்தில் அப்போது வரும் நிம்மதியைப் பார்க்கவே நான் சீக்கிரம் வருவேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அக்கா வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணா, என் பசங்க பேரைப் போட்டு ஒருதடவை ஓட்டிக் காட்டுங்களேன். சும்மா, மனசு திருப்திக்கு."

"அதுக்கென்னம்மா, போட்டுட்டாப் போச்சு."

மகள் பெயரை அடித்தார், அம்மா பெயரை அடித்தார், தட்டினார். மகன் பெயரை அடித்தார், அம்மா பெயரை அடித்தார், தட்டினார். பச்சை வந்தது.

"பாத்தியா? ரெண்டு பேரும் ஒண்ணாம் நம்பர் பஸ்."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். பெற்றவள் மனசு பாருங்கள், அத்தோடு விடவில்லை. பேருந்துக்குள் எந்த சீட்டு என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. ஒண்ணாம் நம்பர் பேருந்தைத் திறந்தார். நாற்பது சீட்டு. முதல் சீட்டில் மகள். மற்ற முப்பத்தொன்பதும் காலி.

"தம்பி எங்கண்ணா?"

"ஒண்ணாம் நம்பர் பஸ்ல."

"இதுதானே ஒண்ணாம் நம்பர்?"

"இது இவளோட ஒண்ணாம் நம்பர்மா. அவனோடது இன்னொண்ணு."

சட்டென்று யாருக்கும் விளங்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புது ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு புதுப் பேருந்து. ஊரில் ஒரே பேருந்து என்றால் அதன் எண் என்ன? ஒன்று! முந்நூறு ஊர்களில் முந்நூறு ஒண்ணாம் நம்பர் பேருந்துகள். அக்காவும் தம்பியும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பேருந்துகளில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், எண் ஒன்றாக இருக்கிறது என்று நாங்கள் இங்கே கை தட்டிக்கொண்டிருக்கிறோம். டெஸ்டர் அக்கா மவுஸைப் பிடுங்கித் தன் பெயரைத் தேடினார்.

"நான் ரெண்டு பேரா இருக்கேன்."

"பேரு ஒண்ணுதானேம்மா?"

"வீடு ரெண்டுண்ணா! ஊரும் ரெண்டு! நான் எந்த ஊர்ல இவளுக்குத் தலை பின்னி, எந்த ஊர்ல அவனுக்குச் சட்டை மாட்டுறது?"

"பச்சை வருதேம்மா" என்றார் அவர், பாவம், கடைசிப் பிடியாக.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். இப்போது ரொம்பவே இறங்கியிருந்தது.

"உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களாண்ணா?"

"ஒரு அக்கா இருக்காங்க."

"உங்க ரெண்டு பேருக்கும் எத்தனை அம்மா?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நான் கண்ணால் பார்த்தேன். "ஒண்ணு" என்றார்.

"அது எப்படி? நீங்க பொறக்கும்போது, எதுக்கு வம்பு, இன்னொரு அம்மா போட்டுக்கலாம்னு ஏன் யாருக்கும் தோணல?"

"அம்மாதான் ஏற்கனவே இருந்தாங்களே..." என்று சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

ஏற்கனவே! பதினொரு வருஷமாகப் பக்கத்து மேஜையில் இருக்கிறேன், அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. தான் சொன்னதைத் தானே கேட்டு அவருக்குக் காது சிவந்துவிட்டது. திரும்பி உட்கார்ந்தார். முதலில் ஓர் ஊர், அதில் ஒரு பள்ளி, பத்துப் பேருந்துகள், ஓர் அம்மா. பிறகு அக்கா, அவளிடம் "இந்தா, இவங்கதான் உன் அம்மா" என்று அந்த அம்மாவைக் கொடுத்தார். பிறகு தம்பி, அவனிடமும் அதே அம்மாவைக் கொடுத்தார். தட்டினார்.

சிவப்பு வந்தது. அக்கா மூன்றாம் நம்பர் பேருந்து, தம்பி ஏழாம் நம்பர்.

ஆக, மூன்று வாரமாகக் கை தட்டிய அந்த விதி ஒருநாளும் வேலை செய்ததே இல்லை. ஏன் என்று தோண்டினால், கற்பனைக் குழந்தைகளுக்கு நேர்ந்த கதிதான் நிஜக் குழந்தைகளுக்கும் நேர்ந்திருந்தது. பள்ளியின் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றிய குழந்தையானாலும், இந்த வருஷம் ஃபார்ம் நிரப்பிச் சேர்ந்த குழந்தையானாலும், ஒவ்வொரு பெயருக்கும், கொடுத்த அம்மாவைப் பார்க்காமல், மென்பொருள் ஒரு புது அம்மாவை எழுதிக்கொண்டிருந்தது. பள்ளியில் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். அம்மாக்கள்? நானூற்றுப் பன்னிரண்டு. உடன்பிறந்தவர்கள் ஒருத்தரும் இல்லை! திங்கட்கிழமைக்கு இரண்டே நாள். டெஸ்டர் அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இன்னொண்ணுக்காரர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மதம் மாறியவருக்கு வருகிற உற்சாகம் அவர் முகத்தில் தெரிந்தது. "ஏற்கனவே ஒரு அம்மா இருக்காங்களான்னு முதல்ல பாக்கும். இருந்தா அவங்களையே போட்டுடும். முடிச்சிட்டேன்" என்றார், பள்ளியின் நிஜப் பட்டியலையே எடுத்துப் போட்டார். தட்டினார். கம்ப்யூட்டர் திணறியது, விசிறி சத்தம் போட்டது, திரை நின்றுவிட்டது. நாங்கள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் மேஜைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தவன் நான்.

"என்னங்க, ஸ்கூல் பஸ் ஆபீஸா?" என்றது ஒரு பெண் குரல். "உங்ககிட்டேருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கு. படிக்கிறேன் கேளுங்க. 'உங்கள் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்கும் ஒரே பேருந்தில் இடம் ஒதுக்க இயலவில்லை, வருந்துகிறோம்.'"

"நானூற்றுப் பன்னிரண்டா?" என்றேன் நான்.

"எனக்கு ஒண்ணுதாங்க" என்றார் அந்தப் பெண்மணி. "அதையே சமாளிக்க முடியல."

நடந்தது இதுதான். ஏற்கனவே ஓர் அம்மா இருக்கிறாரா என்று மென்பொருள் பார்த்திருக்கிறது. பட்டியலில் முதல் ஆளாக இந்தப் பெண்மணி இருந்திருக்கிறார். இருக்கிறாரே! அவரையே அத்தனை குழந்தைகளுக்கும் அம்மாவாகப் போட்டுவிட்டது. விதிப்படி உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே பேருந்து. பேருந்திலோ நாற்பது சீட்டு, இடம் போதாது என்று மென்பொருள் தானாகவே அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டது. மன்னிப்புக் கேட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. ஜன்னல் ஓரத்தில் நின்ற டெஸ்டர் அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இன்னொண்ணுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு அம்மாவும் இன்னொரு அம்மாவும் ஒரே அம்மான்னு எதை வெச்சும்மா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வாழ்நாளில் அவர் கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான் என்பேன். பெயரை வைத்தா? ஒரே பெயரில் அந்தப் பள்ளியிலேயே ஆறு பேர் இருந்தார்கள். வீட்டு முகவரியை வைத்தா? ஒருத்தர் தெரு என்று எழுதுவார், அதே வீட்டை அவரே அடுத்த ஃபார்மில் சாலை என்று எழுதுவார். ஒரு மணி நேரம் வாதாடி, கைப்பேசி எண் என்று முடிவாயிற்று. எண் ஒன்றென்றால் அம்மா ஒன்று. திருத்தினார், முதலில் கற்பனைக் குழந்தைகளை வைத்து ஓட்டினார், பச்சை. அந்தப் பச்சையை நம்பாமல் பேருந்துக்குள் எட்டிப் பார்த்தோம், அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த சீட்டில் இருந்தார்கள். பிறகு நிஜப் பட்டியலை ஓட்டினார்.

அம்மாக்களின் எண்ணிக்கை திரையில் இறங்கத் தொடங்கியது. நானூற்றுப் பன்னிரண்டு, நானூறு, முந்நூற்று எண்பது என்று இறங்கி, முந்நூற்று முப்பத்தொன்றில் வந்து நின்றது. அறுபத்தேழு வீடுகளில் அக்காவும் தம்பியும், அண்ணனும் தங்கையும், மூன்று பேராகப் பிறந்தவர்களும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வெறும் எண்கள்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. நாங்கள் கத்திய கத்தலில் கீழே ஓடு கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டெஸ்டர் அக்கா தன் பிள்ளைகளைத் தேடினார். மகள் மூன்றாம் நம்பர். மகன் ஏழாம் நம்பர்.

அறுபத்தேழு வீடும் சேர்ந்தாயிற்று, எந்த வீட்டுக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அந்த வீடு மட்டும் சேரவில்லை. அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் பையன் என்னண்ணா பாவம் பண்ணினான்?" என்றார். இன்னொண்ணுக்காரர் அவர் பதிவைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலும் கீழும் இரண்டு தடவை பார்த்தார்.

"நீ இன்னும் ரெண்டு பேராத்தாம்மா இருக்க."

"எப்படி?"

"பொண்ணுக்கு ஒரு நம்பர் குடுத்திருக்க, பையனுக்கு ஒரு நம்பர் குடுத்திருக்க."

அக்கா எட்டிப் பார்த்தார். முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. மகளைச் சேர்த்தது நான்கு வருஷத்துக்கு முன்னால், அப்போது வேறு எண். நடுவில் கைப்பேசி தொலைந்தது. பழைய எண்ணை மீட்பதற்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு தடவை கடைக்கு அலைய வேண்டும் என்றார்களாம். யாரால் முடியும்? "இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு விட்டுட்டேண்ணா" என்றார் அக்கா, ஒவ்வொரு சொல்லாக. பள்ளியில் போய் எண்ணை மாற்றவும் மறந்துவிட்டார். மூன்று வாரம் எல்லாருடைய குறையையும் தேடியவர், தன் எண்ணைத் தேடவில்லை. இன்னொண்ணுக்காரருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நானாக இருந்தால் வருஷக் கணக்கில் சொல்லிக் காட்டியிருப்பேன். அவரோ பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை அடித்து, தட்டும் வேலையை அக்காவிடமே விட்டார். அக்கா தட்டினார். இரண்டு பிள்ளைகளும் மூன்றாம் நம்பர் பேருந்து.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? அன்று மாலையே எங்கள் ஒன்பது பேரையும் சேர்த்து முப்பத்திரண்டாவது குழு ஒன்றை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் "ஏற்கனவே இருக்கா?".

அக்கா வீட்டு நிறுத்தம் என் வழியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஏழரை மணிக்கு வேலை மெனக்கெட்டு அங்கே போய் நின்றேன். மூன்றாம் நம்பர் பேருந்து வந்தது. மகள் டக்கென்று ஏறிவிட்டாள். பையன் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா சிரித்த முகமாக நின்றிருந்தார். புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கைவிரல் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. "டேய், வரியா இல்லையா? இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்." பையன் அம்மாவை மறந்துவிட்டு ஏறினான். "தள்ளு, ஜன்னல் எனக்கு" என்று அவன் சண்டை போடுவது பேருந்து புறப்படும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் என்ன வெட்கம்?

சரி, கதை முடிந்தது, யாரோ கம்ப்யூட்டர்காரர்களின் கூத்து என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடாதீர்கள். ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் கைப்பேசியை எடுங்கள். அதில் "அம்மா" என்று தேடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள்? "அம்மா" என்று ஒருத்தர். "அம்மா புதுசு" என்று ஒருத்தர். "அம்மா புதுசு 2", "அம்மா வீடு", வெறும் "அம்", அதுபோக எப்போது போட்டோம் என்றே தெரியாத ஒரு "அம்மா பழசு இல்லை". என்ன, சிரிப்பு நின்றுவிட்டதா? இத்தனை அம்மாக்கள் இருந்தும், இதில் எதற்கு அடித்தால் அவர் எடுப்பார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியவில்லை என்றால் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ஏதோ ஒன்றில் அந்த ஒரே ஒருத்தர் எடுப்பார். எடுத்தவுடன், "சும்மா நம்பர் செக் பண்ணினேம்மா" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள்.